மிஸ் எழுதிய மூன்று வரிகள்

ஒரு வருசம் முழுக்க அவர் எங்களுக்குப் படிப்பித்தார். அந்த ஒரு வருசத்தில் எங்களுடைய பிழை ஒன்றைக்கூட அவர் பலகையில் எழுதியதில்லை. எழுதியதெல்லாம் தன்னுடைய பிழைகளைத்தான்.

மன்னார்த் தீவில், பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இருந்த ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நாங்கள் பதினொரு பேர் கட்டட வேலை மேற்பார்வை படித்தோம். மேற்பார்வை என்றால் சுவர் கட்டுவதல்ல. கட்டுகிறவனுக்குக் கல்லும் சீமெந்தும் தண்ணியும் ஆளும் நேரத்துக்கு வந்து சேரப் பண்ணவேண்டும், வந்ததை எழுதி வைக்கவேண்டும், பிசகினால் போய்ச் சொல்லவேண்டும். இதெல்லாம் சேரும்போது எனக்குத் தெரியாது. ஓ.எல். பரீட்சையில் கணிதம் இரண்டு தரம் கவிழ்ந்துவிட்டது. கடலுக்குப் போகப் பஞ்சி, விடியமுதல் எழும்பவேண்டும். வீட்டில் இருந்தால் அம்மாவின் வாய். இலவசமாகச் சப்பாத்தும் ஹெல்மெட்டும் தருவார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன்.

மிஸ் விடத்தல்தீவில் இருந்து ஸ்கூட்டியில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். சோழகக் காற்றுக் காலத்தில் பாலத்தில் ஸ்கூட்டியைச் சரித்துப் பிடித்துத்தான் ஓட்டவேண்டும். வந்து இறங்கும்போது ஆள் ஒரு பக்கம் சாய்ந்தபடியே நடந்து வருகிற மாதிரி இருக்கும். அந்த நடையை நான் நன்றாக நடித்துக் காட்டுவேன். வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டுவார். உள்ளே வந்து யாரோடும் கதைக்காமல் பலகையில் மூன்று வரி எழுதுவார்.

என்ன செய்தேன். எப்போது தெரிந்தது. யாருக்குச் சொன்னேன்.

முதல் நாள் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘நேற்றுப் பதிவு நேரத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலே தெரிந்த மாதிரிச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.’ எழுதிவிட்டுக் கதிரையில் இருந்தார். அவர் என்ன செய்திருக்கவேண்டும் என்று எங்களில் ஒருவர் எழும்பிச் சொன்ன பிறகுதான் பலகையை அழித்தார், பாடத்தையும் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் இப்படித்தான். பிழை விடாத நாள் ஒன்று கூடவா இல்லை என்று நான் கேட்டேன். அப்படி ஒரு நாள் வந்தால் அன்றைக்கு லீவு தருவதாகச் சொன்னார். கடைசி வரைக்கும் அந்த லீவு கிடைக்கவில்லை.

பலகையில் மன்னிப்புக் கேட்க அவருக்குப் பிடிக்காது. காரணம் எழுதவும் விடமாட்டார். ‘ஏனென்றால்’ என்று ஒருவன் வாய் திறந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். கோயிலில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லுகிற மாதிரி இருந்ததால் நான் இந்தக் காலைச் சடங்குக்கு மிஸ்ஸின் பாவசங்கீர்த்தனம் என்று பெயர் வைத்தேன். என் பக்கத்தில் இருந்த றிஸ்வான் சிலாவத்துறைப் பெடியன். அவன் அதைத் தவ்பா என்றான், செய்த பாவத்துக்கு வருந்துகிறதுக்கு அவர்கள் சொல்லுகிற பெயர். இரண்டு பெயரும் மிஸ்ஸின் காதுக்குப் போனது. அடுத்த நாளும் மூன்று வரி எழுதினார்.

ஒரு நாள் அவர் வருவதற்கு முன் நானே எழுதி வைத்தேன். அவருடைய எழுத்து மாதிரியே சாய்த்து எழுதினேன். ‘நேற்றுக் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். சாப்பிடும்போது தெரிந்தது. யாருக்கும் சொல்லவில்லை.’ வகுப்பு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. மிஸ் வந்து வாசித்தார்.

“உது நடந்ததுதான்,” என்றார். “ஆனால் சொன்னனான். அம்மாவுக்குச் சொன்னனான். அவ தேங்காய்ப்பால் விட்டுச் சரிப்பண்ணினவ. அப்ப நான் என்ன செய்திருக்கவேணும்? எழுதின ஆள் எழும்பிச் சொல்லுங்கோ.”

எங்களை அவர் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுவார். பக்கத்து வகுப்புச் சேர் எங்களை டேய் என்றுதான் கூப்பிடுவார். அது எங்களுக்குச் சுகமாக இருந்தது. ‘நீங்கள்’ என்றதும் எனக்குக் கால் கூசும். எழும்பி நின்று, உப்புப் போட்டவுடன் டப்பாவை மூடி வேறு பக்கம் வைத்திருக்கவேணும் மிஸ் என்றேன். சரி என்று அழித்தார்.

அவர் பாடம் நடத்துகிற விதமும் இப்படித்தான் ஏறுக்குமாறாக இருக்கும். புத்தகத்தில் வீட்டுப் படம் ஒன்று இருந்தால், எங்களை வெளி மணலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கயிறும் கட்டையும் தந்து அந்த வீட்டை உண்மையான அளவில் நிலத்தில் போடச் சொல்லுவார். பிறகு ஒருவன் வீட்டுக்காரன், ஒருவன் வேலையைப் பேசி எடுத்த கொந்தராத்துக்காரன், ஒருவன் மேசன். நடிக்கவேண்டும். மிஸ் எப்போதும் கூலியாள்தான். ஒன்றும் தெரியாத கூலியாளாக நின்றுகொண்டு, “ஐயா, இந்தச் சுவர் எவ்வளவு உயரம்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்று கேட்பார். நான் வயிற்றில் துவாயைச் சுற்றிக்கொண்டு கொந்தராத்துக்காரன் ஆவேன். ஒரு நாள் மன்னார்க் கழுதை ஒன்று கயிற்றைத் தாண்டி நேரே படுக்கையறைக்குள் வந்து நின்றது. துரத்தப் போனோம். மிஸ் விடவில்லை. வீட்டுக்காரர் வந்திருக்கிறார், குசினி எந்தப் பக்கம் என்று அவருக்கு விளங்கப்படுத்துங்கள் என்றார். நான் கழுதைக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். காட்டும்போதுதான் குசினிக்குப் போகக் கதவு வைக்கவில்லை என்று கண்டுபிடித்தோம். அது மிஸ்ஸுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும். அவர் சொல்லமாட்டார்.

இதுதான் சில பேருக்கு அவரிடம் பிடிக்காதது. பிழை நடக்கிறது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு தரம் நான் கதவு நிலை ஒன்றை மறுபக்கமாக வைத்துப் பூட்டினேன். காலை முழுக்க வேப்பமரத்துக்குக் கீழே இருந்து பார்த்தார். அங்கேயே இருந்து மத்தியானச் சோறும் சாப்பிட்டார். பின்னேரம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். திறந்து காட்டச் சொன்னார். கதவு அரைவாசி திறந்து சுவரில் இடித்து நின்றது. முதலே சொல்லியிருக்கலாமே என்று கோவித்தேன்.

அன்றைக்குத்தான் தன்னைப் பற்றி ஒரே ஒரு கதை சொன்னார். கொழும்பில் அவர் வேலை பழகிய பெரிய கட்டடத்தில் ஒரு பொறியியலாளர் இருந்தாராம். மகா கெட்டிக்காரர். எல்லாப் பிழையையும் தானே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அந்த இடத்தில் வேறு யாரும் பிழை பார்க்கிறதில்லை. அவர் சுகமில்லாமல் ஒரு மாதம் வராமல் இருந்தபோது, மின்தூக்கி ஏறி இறங்க விட்ட கிடங்கின் சுவர் மூன்று மாடிக்குச் சரிந்து எழும்பியது.

“மூண்டு மாடியும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்,” என்றார் மிஸ். “எனக்கும் தெரியும். அவர் வந்து பார்ப்பார்தானே எண்டு இருந்திட்டம்.”

கடைசி இரண்டு மாதத்தில் செய்வதற்கு ஒரு உண்மையான வேலை தந்தார்கள். எங்கள் ஊர் தாழ்வுபாட்டில், கடற்கரையோரம் இருக்கிற முன்பள்ளிக்குத் தண்ணித் தாங்கி வைக்க ஒரு மேடை. நாலு கொங்கிறீற் தூண், மேலே தட்டு, அதற்கு மேலே ஆயிரம் லீற்றர்த் தாங்கி. கீழே பிள்ளைகள் கை கழுவுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் ஒரு கட்டத்துக்கு மேற்பார்வையாளர். தூண் கட்டம் என் முறை. வேலை முடிந்தவுடன் கொழும்பில் இருந்து சோதிக்க ஆட்கள் வருவார்கள். தாங்கியில் தண்ணி நிரம்பி நின்றால் பதினொரு பேருக்கும் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் மற்ற எல்லாரையும் விட றிஸ்வானுக்குத் தேவை. கட்டாரில் ஒரு கம்பனி அவனை எடுப்பதாகச் சொல்லி, அடுத்த மாத முடிவுக்குள் சான்றிதழை அனுப்பச் சொல்லியிருந்தது. அவனுடைய வாப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் கடல் தாண்டிப் போகிற முதல் ஆள் அவன்தான்.

நான் வேலை அட்டவணை போட்டேன். பெரிய தாளில், நாளுக்கு ஒரு பெட்டி. அவ்வளவு கவனமாக நான் வாழ்க்கையில் ஒன்றுமே செய்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாத் தொழுகைக்கு விட்டேன். மடு மாதா கோயில் திருநாளுக்கு ஆட்கள் போகிற நாளெல்லாம் விட்டேன். நடந்து போகிறவன் யார், பஸ்ஸில் போகிறவன் யார் என்று விசாரித்து எழுதினேன். தூணுக்குக் கொங்கிறீற் போடுகிறதைத் திருநாளுக்கு மூன்று நாள் முந்தி வைத்தேன். மிஸ் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஒரு விசயத்தை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மடுவில் இலட்சக் கணக்கில் சனம் சேரும். அந்தச் சனத்துக்குத் தண்ணி வேண்டும். மாவட்டத்தில் தண்ணி ஏற்றி ஓடுகிற பவுசர் வண்டி முழுக்கத் திருநாளுக்கு ஒரு கிழமை முந்தியே அங்கே போய்விடும். சின்ன வயதில் இருந்து மடுவில் அந்தப் பவுசர்களில்தான் தண்ணி பிடித்துக் குடித்தேன். ஆட்கள் போகிற நாளை எழுதினேன், தண்ணி போகிற நாளை எழுதவில்லை.

அன்றைக்கு மிஸ்ஸுக்கு நிலையத்தில் கூட்டம். எங்களை நம்பி விட்டுவிட்டுப் போனார். இருந்த பரல் தண்ணியில் இரண்டு தூண் போட்டோம். மற்ற இரண்டுக்கும் பவுசர் வரவேண்டும். சாரதிக்குப் போன் அடித்தேன். மடுவில் நிற்கிறேன், திருநாள் முடியத்தான் வருவேன் என்றான். மணலும் கல்லும் சீமெந்தும் கலந்து குவித்துக் கிடந்தது. சோழகம் சீமெந்தை அள்ளிக்கொண்டு போனது. ஊர்க் குழாயில் விடியப்புறம் மட்டும்தான் தண்ணி வரும். மற்ற ஒன்பது பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் றிஸ்வானும் மட்டும் நின்றோம். ஓட்டோ பிடித்து மன்னார் ரவுணில் ஆறு கான் தண்ணி எடுத்து வந்தால் காணும் என்று றிஸ்வான் சொன்னான். அரை மணித்தியால வேலை.

முன்பள்ளிக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது.

“கொஞ்சம் உப்புச் சேர்ந்தால் தூண் ருசியா இருக்கும் மச்சான்,” என்றேன்.

தெரியாமல் செய்யவில்லை. உப்புத் தண்ணி கொங்கிறீற்றுக்குள் என்ன செய்யும் என்று மிஸ் காட்டியிருக்கிறார். கடற்கரையில் இடிந்த பழைய மீன்வாடி ஒன்றின் கம்பியை எங்கள் கையில் தந்தார். பெருவிரல் தடிப்பான கம்பி கையிலேயே பொருபொருவென்று உதிர்ந்தது. துரு ஊதி ஊதிக் கொங்கிறீற்றை உள்ளுக்குள் இருந்து பிளக்கும். இன்றைக்கு அல்ல, ஏழு வருசத்திலோ பத்து வருசத்திலோ. அப்போது மேலே ஆயிரம் லீற்றர் இருக்கும், கீழே பிள்ளைகள் நிற்பார்கள்.

கிணற்றில் அள்ளிப் பரலை நிரப்பினோம். மற்றவர்கள் வந்து கேட்டபோது பவுசர் வந்து போய்விட்டது என்றேன். வேலை நாட்குறிப்பில் ‘தண்ணீர்: பவுசர்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கீழே சாட்சிக்கு றிஸ்வான் வைத்தான்.

அடுத்த நாள் காலை மிஸ் எழுதினார். ‘திருநாளுக்குப் பவுசர் மடுவுக்குப் போகும் என்று யோசிக்காமல் அட்டவணையில் கையெழுத்து வைத்தேன். இன்று காலை பாலத்தடியில் பவுசர்ச் சாரதியின் தம்பியைக் கண்டபோது தெரிந்தது.’ மூன்றாவது வரியை எழுதவில்லை. நாட்குறிப்பை எடுத்து, முதல்நாள் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

யாரும் எழும்பவில்லை. மற்றவர்களுக்கு விளங்கவில்லை. பவுசர் வந்ததுதானே மிஸ் என்று ஒருவன் அப்பாவியாகச் சொன்னான். மிஸ் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை. பலகையை அழிக்காமலே பாடத்தைத் தொடங்கினார்.

இடைவேளையில் றிஸ்வான் என்னைச் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

“வாய் திறந்திராத,” என்றான். “உடைச்சுத் திருப்பிக் கட்டுறதெண்டால் சோதனைக்கு முடியாது. என்ட பயணம் போயிடும் மச்சான்.”

“மிஸ்ஸுக்குத் தெரியும்டா.”

“தெரிஞ்சால் கேட்பா. கேட்கேல்லைதானே.”

இரண்டாம் நாளும் அதே இரண்டு வரி பலகையில் நின்றது. நான் அன்றைக்கு முழுக்கப் பகிடி விட்டேன். மிஸ்ஸின் மார்க்கர் முடிந்துவிட்டது, காசு சேர்த்துப் புதிதாக வாங்கிக் கொடுப்போம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் கொஞ்சம் சிரித்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போனது.

மூன்றாம் நாள் திருநாள். அம்மாவோடு மடுவுக்குப் போனேன். வெயில் ஏற, போத்தலைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்கு வரிசையில் நின்றேன். கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் பவுசர். சாரதி மேலே இருந்து, தம்பி, உங்கட வேலை என்ன மாதிரி, தண்ணிக்கு என்ன செய்தனீங்கள் என்று கூவிக் கேட்டான். சமாளித்தோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், மூன்று பேருக்குப் பின்னால் மிஸ் நிற்கிறார். தலையில் முக்காடு, கையில் போத்தல். கேட்டிருப்பார், கேட்காமல் இருக்க முடியாது.

“அம்மாவும் வந்தவவோ?” என்றார்.

“ஓம் மிஸ்.”

“வெயிலுக்க நிக்க விடாதீங்கோ.”

அவ்வளவுதான். போத்தலை நிரப்பிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார். அன்றைக்கு ஊர்வலத்தில் மாதாவின் சுருவம் என்னைத் தாண்டிப் போனபோது நான் தலையைத் தூக்கவில்லை.

நாலாம் நாள் வகுப்புக்குள் போனபோது பலகை அழித்திருந்தது. புதிதாக எழுதியிருந்தார். ‘தெரிந்த பிறகும் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தேன், சொல்ல வேண்டியவர்கள் தாங்களாகச் சொல்லட்டும் என்று. இது பிழை என்று முதல் நாளே தெரியும். இன்று காலை நிலையப் பொறுப்பதிகாரிக்குச் சொன்னேன்.’

வழமையாக எழுதிவிட்டுக் கதிரையில் இருப்பார். அன்றைக்கு நின்றார். அவர் என்ன செய்திருக்கவேண்டும் என்று எழும்பிச் சொல்ல ஒருவரும் இல்லை.

நான் எழும்பினேன். வாயில் ஏதாவது பகிடி வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

“கிணத்துத் தண்ணி மிஸ். ரெண்டு தூண். நான்தான் போட்டது.”

“எந்த ரெண்டு?” என்றார் மிஸ்.

“கடல் பக்கத்து ரெண்டும்.”

றிஸ்வான் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டான்.

பொறுப்பதிகாரி வந்தார், கத்தினார், போனார். சோதனையை அடுத்த தவணைக்குத் தள்ளினார்கள். நாலு மாதம். கட்டார்க் கம்பனி அவ்வளவு நாள் நிற்காது என்று அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மிஸ்ஸின் ஒப்பந்தம் எங்கள் வகுப்போடு முடிந்தது, திரும்ப எடுக்கவில்லை. காரணம் ஒன்றும் கடிதத்தில் இல்லையாம். இப்போது வவுனியாப் பக்கம் எங்கேயோ படிப்பிக்கிறார் என்கிறார்கள். எனக்குச் சான்றிதழ் பிந்தித்தான் வந்தது. அதை வைத்துத்தான் இன்றைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் சொன்ன அன்று பிற்பகலே உடைக்கப் போனோம். மிஸ்ஸும் வந்தார். நாலு நாள் இறுகிய கொங்கிறீற். முதல் நாளென்றால் அலவாங்குக் கம்பியாலேயே கிளறி விழுத்தியிருக்கலாம். இப்போது பெரிய சுத்தியல் அடித்தாலும் பொட்டுப் பொட்டாகத்தான் பெயர்ந்தது. சத்தத்துக்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். புதுத் தூணை ஏன் இடிக்கிறீர்கள் என்று மிஸ்ஸைத்தான் கேட்டார். மிஸ் என் பக்கம் பார்த்தார்.

சொன்னேன். எந்தத் தண்ணி, எந்தத் தூண், எத்தனை வருசத்தில் என்ன நடக்கும் எல்லாம் சொன்னேன். அக்காவுக்குக் கோவம் வரும் என்று நினைத்தேன். அவர் கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்தத் தண்ணியில நாங்கள் தேத்தண்ணி கூட வைக்கிறேல்லையேடா,” என்றார். “நீ இந்த ஊர்ப் பெடியன்தானே.”

மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

நாங்கள் திரும்பவும் அடிக்கத் தொடங்கினோம். ஒரு தூணில் நான், மற்றதில் றிஸ்வான். மற்றவர்கள் கல்லை அள்ளினார்கள். றிஸ்வான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். மிஸ் அவனுக்குக் கிட்டப் போய் நின்றார். அவன் ஓயும் வரைக்கும் நின்றார்.

“றிஸ்வான், முதல் நாளே நான் கேட்டிருந்தால் அண்டைக்கே உடைச்சு, தண்ணி கொண்டந்து திருப்பிப் போட்டிருக்கலாம். சோதனைக்கு நேரத்துக்கு முடிஞ்சிருக்கும். உங்கட பயணம் என்னாலதான் போனது.”

றிஸ்வான் சுத்தியலைக் கீழே ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். ஓம் என்று சொல்லுவான் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் சைக்கிள் கொட்டிலடியில் என்னிடம் அவன் சொன்னதும் அதைத்தான். மிஸ் கேட்டிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று.

“இல்ல மிஸ்,” என்றான். “நீங்க கேட்டிருந்தால் பவுசர் வந்ததெண்டுதான் சொல்லியிருப்பன். அல்லாஹ்வில சத்தியம் பண்ணியும் சொல்லியிருப்பன்.”

மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். காற்று அவருடைய தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. றிஸ்வான் திரும்பவும் சுத்தியலைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.